சியரா லியோனில் பிரசவ வேலை: போகலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

குடியாத்தம்_நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

எனக்கு 29 வயசு. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி, தொகுப்பூதியத்தில சேர்ந்தவ. குடியாத்தம் பக்கத்துல ஒரு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில ஆறு வருஷமா வேலை. என் கையில பிறந்த குழந்தைங்களை ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். நேத்து வரைக்கும் 412.

ஒரு தொண்டு அமைப்புல இருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மேற்கு ஆப்பிரிக்காவில சியரா லியோன். ஒரு மாவட்டத்துல சுத்தியிருக்கிற சின்னச் சின்ன சுகாதார மையங்கள்ல பிரசவம் பார்க்கணும், அங்க இருக்கிற செவிலியருக்குப் பயிற்சியும் கொடுக்கணும். ரெண்டு வருஷம். சம்பளம் இங்க வாங்குறதை விட கூடத்தான், ஆனா வளைகுடா அளவுக்கு இல்ல. பணத்துக்காகப் போகணும்னா மஸ்கட் போயிருப்பேன், என் கூடப் படிச்சவங்க நாலு பேர் அங்கதான் இருக்காங்க.

ஏன் இதுல மனசு போகுதுன்னு சொல்லிடறேன். எங்க அப்பாவைப் பெத்த ஆயாவை நான் பார்த்ததில்ல. 1971-ல மூணாவது பிரசவம். வீட்டுல மருத்துவச்சி பார்த்தாங்க. குழந்தை வந்துடுச்சு, நஞ்சுக்கொடி வரலை. மாட்டு வண்டியில போட்டு வேலூருக்குக் கொண்டு போற வழியிலேயே உயிர் போயிடுச்சு. அப்பாவுக்கு அப்ப ஆறு வயசு, அந்த வண்டியிலதான் உட்கார்ந்திருந்தார். "வைக்கோல் நனைஞ்சு போச்சு"ன்னு மட்டும்தான் சொல்வார். அதுக்கு மேல கேட்டா எழுந்து போயிடுவார்.

இன்னிக்கும் அந்த மாதிரி வண்டியில போற பொம்பளைங்க இருக்கிற ஊர்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடலை.

அம்மா அழுதுட்டே இருக்காங்க. வரன் வேற பார்த்துட்டு இருக்காங்க. இப்ப விட்டுட்டுப் போனா வேலை நிரந்தரம் ஆகுற வரிசையில என் இடமும் போயிடும். இதையெல்லாம் நான் பார்த்துக்குவேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: அங்க வேலை உண்மையில எப்படி இருக்கும்? என்னால ஏதாவது ஆகுமா? போறதுக்கு முன்னால எதைக் கத்துக்கணும்?

---

காட்பாடி_லேபர்வார்டு எழுதியது:

தங்கச்சி, வைக்கோல் நனைஞ்சதுன்னு உங்க அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு ராத்திரி முழுக்க தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. நீ வயசுல சின்னவ, அதனால நீன்னே எழுதறேன். பதில் நீளம், நிதானமா படி.

வேலூர்ல லேபர் வார்டுல 14 வருஷம் இருந்துட்டு, 2017-ல நான் சியரா லியோன் போனேன். 2019 கடைசியில திரும்பி வந்தேன். எந்த மாவட்டம், எந்த மையம்னு எழுத மாட்டேன். அங்க இருக்கிறவங்க மேல பழி போடற மாதிரி ஆகிடும், அவங்க அதுக்கு ஆளே இல்ல.

இங்க நீ ஒரு பிரசவம் பார்க்கிறப்போ உன் பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு நினைச்சுப் பார்த்திருக்கியா? நான் 14 வருஷம் நினைச்சதே இல்ல. கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.) மூணாம் மாசத்திலேயே கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி நம்பர் போட்டிருப்பாங்க. ரத்தம் கம்மின்னா இரும்புச்சத்து மருந்து (அயர்ன் சுக்ரோஸ்) ஏத்தியிருப்பாங்க. உன்னால முடியலைன்னா 108. அந்தப் பக்கம் சிக்கலான பிரசவத்தைப் பார்க்கிற சீமாங்க் சென்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி. இதுக்கெல்லாம் மேல, ஒரு தாய் செத்தா கலெக்டர் முன்னால உட்கார்ந்து எந்த மணிக்கு என்ன செஞ்சோம்னு பதில் சொல்லணும். அந்தக் கூட்டத்தை நாம எல்லாரும் திட்டியிருக்கோம். அங்க போனப்புறம்தான் அதோட அருமை எனக்குத் தெரிஞ்சது. ஏன் செத்தான்னு கேட்க ஆள் இருக்கிறதே பெரிய விஷயம்மா.

அந்த நாட்டுல 1991-ல இருந்து 2002 வரைக்கும் உள்நாட்டுப் போர். கொஞ்சம் எழுந்து நின்னு, 2010 ஏப்ரல்ல கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கும் வைத்தியம் இலவசம்னு அறிவிச்சாங்க. ஏழை நாடு, துணிஞ்சு செஞ்சது. நாலு வருஷத்துல எபோலா வந்துடுச்சு. பிரசவம் பார்த்த நர்சுங்களே செத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா நோய் ஒட்டிக்கும்னு கர்ப்பிணிங்க வீட்டுலயே இருந்துட்டாங்க. நான் போனப்போ எபோலா முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கையுறை போடாம யாரும் யாரையும் தொடவே பயந்தாங்க.

கணக்கு ஒண்ணு சொல்லிட்டு விட்டுடறேன். லட்சம் குழந்தை உயிரோட பிறந்தா எத்தனை தாய் சாகிறாங்கங்கிற கணக்கு. 2018-20-ல தமிழ்நாட்டுக்கு 54, இந்தியாவுக்கு 97. சியரா லியோனுக்கு 2020-ல 443. அதுவும் முன்ன இருந்ததுல பாதிக்கும் கீழ இறங்கி வந்த கணக்கு. இறக்கினது அந்த ஊர்க்காரங்க. இதை மனசுல வச்சுட்டுப் போ.

இப்ப ஒரு ராத்திரியைச் சொல்றேன்.

நான் போய் மூணாவது வாரம், ஆகஸ்ட் மாசம். அங்க மே-ல ஆரம்பிக்கிற மழை நவம்பர் வரைக்கும் விடாது. ஆகஸ்ட்ல கூரைத் தகரத்து மேல மழை விழற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவ பேசறதே கேட்காது. ராத்திரி பதினொண்ணு இருக்கும், ஒரு பொண்ணு மோட்டார் பைக்ல வந்தா. முன்னால ஓட்டறவன், நடுவுல இவ, பின்னால நாத்தனார் பிடிச்சுட்டு. பைக்கை அங்க ஒக்கடான்னு சொல்வாங்க. மழையில மண்ரோட்டுல அது ஒண்ணுதான் போகும். அஞ்சாவது பிரசவம். வந்த அரை மணியில குழந்தை பிறந்துடுச்சு, பையன், நல்லா அழுதான். நஞ்சும் முழுசா வந்துடுச்சு, விரிச்சுப் பார்த்தேன், ஒரு துண்டு கூட குறையலை.

அப்புறம் ரத்தம் நிக்கலை.

கர்ப்பப்பையை இறுக்கற ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போட்டாச்சு. வயித்து மேல கை வச்சா கர்ப்பப்பை பிசைஞ்ச மாவாட்டம் கொழகொழன்னு இருக்குது. கல்லு மாதிரி இறுகணும்னு உனக்குத் தெரியும். இன்னொரு ஊசி போட்டேன். அப்பவும் இறுகலை. வேலூர்ல இப்படி நான் பார்த்ததே இல்ல, மருந்து போட்டா கொஞ்சமாவது பிடிக்கும். அப்பதான் அந்த மருந்துக் குப்பியைக் கையில எடுத்துப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு.

ஆக்ஸிடோசினை 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். அது ஜன்னல் ஓரமா மர அலமாரியில எத்தனை மாசமா இருந்துச்சோ! அந்த மையத்துல ஃப்ரிட்ஜ் இல்லாம இல்ல. சூரிய சக்தியில ஓடற நல்ல ஃப்ரிட்ஜ் பத்தடி தள்ளி இருந்துச்சு. அது தடுப்பூசிக்கு. பூட்டியிருந்துச்சு. சாவி தடுப்பூசி போடறவர்கிட்ட, அவர் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்.

கர்ப்பப்பையை இறுக்கற இன்னொரு மருந்து, மிசோப்ரோஸ்டால் மாத்திரை, நாக்குக்கு அடியில வச்சோம். ஒரு கை உள்ள, ஒரு கை வயித்து மேல, ரெண்டுக்கும் நடுவுல கர்ப்பப்பையை அழுத்திப் பிடிச்சேன். என் கூட இருந்தது ஒரே ஒரு எய்டு அக்கா. தாய் சேய் நலப் பயிற்சி எடுத்தவங்க, நம்ம பழைய காலத்து துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) மாதிரி. என் கை மரத்துப் போனப்போ அவங்க மாத்திக்கிட்டாங்க. வாசல்ல இருந்த காவல்காரர் போன்ல சிக்னல் பிடிக்க மழையில மேட்டுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரியில இருந்து வரணும். டீசல் யார் போடறதுங்கிறதுல ஒரு மணி நேரம் போச்சு. வந்தப்போ அவ இல்ல.

நாத்தனார் அழலை. குழந்தையைத் தன் துணியில சுத்திக்கிட்டு "டெல் காட் தெங்கி"ன்னு சொன்னா. கடவுளுக்கு நன்றி சொல்லுன்னு அர்த்தம். யார் நலம் விசாரிச்சாலும் அங்க சொல்ற பதில் அது. அந்த நேரத்துல வேற சொல்லு அவளுக்கு வரலை.

அடுத்த ஒரு வாரம் நான் வேலை செஞ்சதா எனக்கு ஞாபகம் இல்ல. எய்டு அக்காதான் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு சோறு போட்டாங்க. மரவள்ளி இலையை இடிச்சு, செம்பனை எண்ணெய் ஊத்தி, காரமா ஒரு குழம்பு. அவங்களும் நம்மள மாதிரிதான், சோறு சாப்பிடலைன்னா சாப்பிட்டதாவே கணக்கு இல்ல. அப்ப நான் கேட்டேன், சாவி ஏன் அவர்கிட்ட இருக்குதுன்னு. தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல வேற மருந்து வைக்கக் கூடாதுன்னு எப்பவோ யாரோ சொன்னாங்களாம். வைக்கலாம்னு 2015-லேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து சொல்லியாச்சு. அந்தச் செய்தி அந்த ஆத்தைத் தாண்டி வரலை.

அந்தப் பூட்டுக்கு ரெண்டாவது சாவி செஞ்சு, பிரசவக் கட்டில் தலைமாட்டுல ஆணியில மாட்ட எங்களுக்கு ஏழு வாரம் ஆச்சு. ஒரு பெட்டியில பேர் எழுதி ஆக்ஸிடோசினைத் தனியா உள்ள வச்சோம். ரெண்டு வருஷத்துல நான் செஞ்ச உருப்படியான முதல் வேலை அதுதான். நான் நினைச்சுட்டுப் போனது என் கையாலே நூறு பேரைக் காப்பாத்துவேன்னு.

அடுத்தது ரத்தத்தை அளக்கிறது. எவ்வளவு போச்சுன்னு கண்ணால பார்த்துச் சொன்னா எல்லாரும் கம்மியாத்தான் சொல்வோம், நானும்தான். அங்க பொம்பளைங்க இடுப்புல சுத்தற துணியை லாப்பான்னு சொல்வாங்க. பிரசவத்துக்கு வர்றப்போ ரெண்டு மூணு கொண்டு வருவாங்க. நானும் எய்டு அக்காவும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, ஒரு லாப்பாவுக்கு எத்தனை டம்ளர் தண்ணி பிடிக்குதுன்னு ஊத்தி ஊத்திப் பார்த்தோம். அதுல இருந்து ரெண்டாவது லாப்பா நனைய ஆரம்பிச்சா யாரையும் கேட்காம வேலையை ஆரம்பிக்கணும்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. 2023-ல கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை அடியில வச்சு ரத்தத்தை அளந்து, உடனே எல்லா மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாங்க. மோசமான உதிரப்போக்கு 60 சதவீதம் குறைஞ்சதுன்னு முடிவு வந்துச்சு. படிச்சப்போ அந்த மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. உன்னைக் கூப்பிடறவங்க அந்த விரிப்பு கொடுக்கிறாங்களான்னு முதல்ல கேளு.

என்ன கத்துக்கணும்னு கேட்டியே. நீ 412 பிரசவம் பார்த்திருக்கே, சுகப்பிரசவம் உனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். உள்ளயும் வெளியிலயும் கை வச்சு கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்கிறதை, மாடல் வச்சாவது, கை கடுக்கிற வரைக்கும் செஞ்சு பழகு. கையால நஞ்சு எடுக்கிறது. ஆணுறையை ரப்பர் குழாயில கட்டி உள்ள வச்சு சலைன் நிரப்பி ரத்தத்தை நிறுத்தற முறை. வங்கதேசத்து டாக்டரம்மா சயீபா அக்தர் கண்டுபிடிச்சது. கையில காசில்லாத ஊருக்குன்னே யோசிச்சது அது. ரத்தப்போக்கை நிறுத்தற டிரானெக்ஸாமிக் ஆசிட் மூணு மணி நேரத்துக்குள்ள போடணும், தாமதமானா பயனில்ல. ஜன்னி வந்தவளுக்கு மக்னீசியம் சல்பேட், 4 கிராம் நரம்புல, ரெண்டு பக்க இடுப்புலயும் அஞ்சஞ்சு கிராம். இங்க டாக்டர் சொல்லி நீ போடுவே. அங்க நீதான் முடிவு பண்ணணும். முழங்கால் தட்டிப் பார்க்கிறது, மூச்சு எண்றது, மூத்திரம் அளக்கிறது, எதிர் மருந்தா கால்சியம் குளுக்கோனேட் கைக்கு எட்டற தூரத்துல வைக்கிறது, இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்.

வேலூர்ல நீ பார்த்தே இருக்காத ஒண்ணும் உண்டு. அங்க பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுலேயே சடங்கு வச்சுப் பிறப்புறுப்புல அறுத்துடுவாங்க. பத்துல எட்டுப் பேருக்கு மேல அப்படித்தான். தழும்பு இறுகியிருக்கும், பிரசவத்துல கிழியும். முதல் தடவை பார்க்கிறப்போ முகத்துல எதையும் காட்டிடாதே. அவ உன் முகத்தைத்தான் பார்த்துட்டு இருப்பா. அந்தச் சடங்கை நடத்தற பெரியம்மாதான் பல ஊர்ல மருத்துவச்சியும். அவங்களைப் பகைச்சுக்கிட்டா ஒரு கர்ப்பிணி கூட உன் வாசலுக்கு வர மாட்டா. இதை எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு ரெண்டு வருஷமும் நெஞ்சுல முள்ளாத்தான் இருந்தது.

பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைங்க நிறைய வரும். கர்ப்பமான பொண்ணு பள்ளிக்கூடம் வரக் கூடாதுன்னு 2015-ல இருந்து அங்க தடை இருந்தது. 2020 மார்ச்ல எடுத்துட்டாங்க. நான் இருந்தப்போ தடை இருந்துச்சு. வலியில கிடக்கிற பிள்ளை, ஸ்கூல் யூனிஃபார்மைத் தலைக்கு அடியில மடிச்சு வச்சிருந்ததைப் பார்த்தேன்.

போகலாமாங்கிறதுக்கு இன்னும் பதில் சொல்லலை. மத்தவங்களும் சொல்லட்டும், அப்புறம் வரேன்.

---

மலையடிவாரம்_விஎச்என் எழுதியது:

கண்ணு, நான் ரிட்டயர்டு வி.எச்.என். என் பேரன்தான் நான் சொல்லச் சொல்ல இதை டைப் பண்றான். காட்பாடி பொண்ணு எழுதினதை அவன் படிச்சுக் காட்டினப்போ அழுதுட்டேன்.

ஆனா நான் வேற மாதிரி சொல்லப் போறேன், கோச்சிக்காத. எதுக்கும்மா அவ்ளோ தூரம்?

நான் 1988-ல வேலைக்குச் சேர்ந்தப்போ இது வடாற்காடு மாவட்டம். அடுத்த வருஷம்தான் திருவண்ணாமலை தனியாப் பிரிஞ்சுது. அணைக்கட்டு மலையில எனக்கு டூட்டி. ஒடுகத்தூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா அப்புறம் நடைதான். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை, அந்தப் பக்கம் குக்கிராமம் எல்லாம் என் கால் படாத இடம் கிடையாது. எத்தினி பேரைப் புடவையில டோலி கட்டி ரெண்டு பக்கமும் கொம்பு வச்சுத் தூக்கினு எறங்கி வந்திருக்கோம் தெரியுமா? மழை பேஞ்சா பாறை வழுக்கும். தூக்கறவங்க நாலு பேர், மாத்தறதுக்கு நாலு பேர், முன்னால லாந்தர் புடிச்சினு நான்.

நீ அங்க போயி பாஷை கத்துக்கணும். இங்க மலையில பேசறது நம்ம தமிழ்தான். அப்படியிருந்தும் என்னை அவங்க நம்பறதுக்கு மூணு வருஷம் ஆச்சு. ஊசிக்காரி வர்றான்னு சொன்னா வயித்துப் பிள்ளைக்காரிங்க எல்லாம் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சிப்பாங்க. எந்த மாசம் தலைக்கு ஊத்தினன்னு கேட்டா, சாமை அறுக்கறப்போன்னு பதில் வரும். அதுல இருந்து நான் தேதி கணக்குப் போடணும்.

அங்க ஒரு மருத்துவச்சி ஆயா இருந்தாங்க. எனக்குப் பெரிய எதிரி. நான் திண்ணையில உக்காந்தா அவங்க எழுந்து போயிடுவாங்க. நான் சண்டை போடல. போகும்போதெல்லாம் புது பிளேடு, நூலு, சோப்பு அவங்க வாசப்படியில வச்சிட்டு வருவேன், ஒண்ணும் பேச மாட்டேன். ஒரு வருஷம் கழிச்சி அவங்க பேத்திக்கு எட்டாம் மாசம், காலு வீங்கி, தலவலி, கண்ணு மங்கலா தெரியுது. ஆயா தானே ஆளை அனுப்பி என்னை வரச் சொன்னாங்க. டோலியில கூட நடந்தே கீழ வந்தாங்க. அந்தப் பேத்தி பொழைச்சா. அதுக்கப்புறம் ஆயா எனக்குத் தெரியாம ஒரு பிரசவம் பார்த்தது கிடையாது. என்னை நிக்க வச்சி அவங்க பார்ப்பாங்க, இல்ல அவங்களை நிக்க வச்சி நான் பார்ப்பேன்.

மூணு வருஷம் கண்ணு. நீ ரெண்டு வருஷத்துல அங்க என்ன பண்ணிட்டு வருவ? இப்பவும் மலையில ரோடு போகாத குக்கிராமம் இருக்குது. பிரசவத் தேதிக்கு முன்னாலேயே கீழ வந்து தங்கிக்கறதுக்கு இடம் வச்சிருக்காங்க, அப்பவும் ஆட்டைக் கோழியை யாரு பார்ப்பாங்கன்னு வர மாட்டேங்கறாங்க. உன்னாட்டம் மனசு இருக்கிற பொண்ணு மலைக்குப் போஸ்டிங் கேட்டு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும். எனக்கு அதான் ஆசை.

---

ஆற்காடு_பாஸ்போர்ட் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லீங்க. என் மனைவி ஆப்பிரிக்காவில நர்ஸா இருந்தாங்க, பேப்பர் வேலையெல்லாம் நான்தான் அலைஞ்சேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடலாம். புறப்படறதுக்குக் குறைஞ்சது பத்து நாள் முன்னால போட்டிருக்கணும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அந்தச் சான்றிதழை பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கோங்க, திரும்பி வரும்போதும் நம்ம ஏர்போர்ட்ல கேட்பாங்க, இல்லைன்னா தனியா நிறுத்தி வச்சிடுவாங்க. தமிழ்நாடு செவிலியர் குழுமத்துல நன்னடத்தைச் சான்று வாங்கணும், அது சீக்கிரம் கைக்கு வராது, இப்பவே விண்ணப்பிச்சிடுங்க. ஒப்பந்தத்துல அவசரத்துக்கு ஊர் திரும்ப டிக்கெட் யார் செலவுன்னு எழுத்துல இருக்கணும், வாய் வார்த்தை வேணாம். மலேரியா மாத்திரையை நடுவுல நிறுத்திடாதீங்க. என் மனைவி நிறுத்தி, ரொம்ப அவஸ்தைப்பட்டாங்க.

---

குடியாத்தம்_நர்ஸ் எழுதியது:

அக்கா, அம்மா, அண்ணா, மூணு பேருக்கும் நன்றி. அக்கா எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எழுந்து போகாம கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். சாவி விஷயம் வந்தப்போ மட்டும் "பத்தடியா?"ன்னு கேட்டார்.

வி.எச்.என். அம்மா கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு நாளா அதையே யோசிச்சிட்டு இருக்கேன். குடியாத்தத்துல இருந்து ஒடுகத்தூர் எவ்வளவு தூரம்! ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட அந்த மலை மேல நான் ஏறினதில்ல. வெட்கமா இருக்குது.

அக்கா, மூணு வருஷம் ஆகும்னா ரெண்டு வருஷத்துல போய் வர்றதுல அர்த்தம் இருக்கா?

---

காட்பாடி_லேபர்வார்டு எழுதியது:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. என்னால ஒரு வரி கூட மறுக்க முடியலை. ஆனா அம்மா, உங்க கதையிலேயே தங்கச்சிக்குப் பதில் இருக்குது. மலை சனங்க நம்பினது அந்த ஆயாவை. நீங்க அந்த ஆயா பக்கத்துல போய் நின்னீங்க.

நானும் கடைசியில அதைத்தான் செஞ்சேன், தெரியாமலே. முதல் ரெண்டு மூணு வாரம் எல்லாப் பிரசவத்தையும் நானே பார்த்தேன். எய்டு அக்காவைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு நான் முன்னால நின்னேன். வேகமா முடியும், சுத்தமா முடியும்னு நினைப்பு. அந்த ராத்திரிக்கு அப்புறம் தலைகீழா மாத்திக்கிட்டேன். அவங்க பார்க்கணும், நான் பக்கத்துல நிக்கணும். ரொம்பக் கஷ்டம்மா அது. கை பரபரக்கும். அவங்க தப்பான இடத்துல கை வைக்கிறப்போ வாயை மூடிட்டு, அவங்க கை மேல என் கையை வச்சு நகர்த்தணும். கர்ப்பிணி முன்னால ஒரு தடவை கூட திட்டிடக் கூடாது. அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு நாளைக்கு வேணுங்கிறது அந்தக் கைதான், என் கை இல்ல. ராத்திரி நேரத்துல, வேலை அதிகமில்லாதப்போ, காட்டன் அடைச்ச துணிப் பையைக் கர்ப்பப்பையா வச்சு நாங்க ரெண்டு பேரும் அழுத்திப் பழகுவோம். அவங்க எனக்கு கிரியோ பாஷை சொல்லித் தருவாங்க. குஷேன்னா வணக்கம். பெலே உமான்னா பிள்ளைத்தாச்சி.

2019 மார்ச்ல விசா புதுப்பிக்க நான் ஃப்ரீடவுன் போயிருந்தேன். நாலு நாள். திரும்பி வந்தப்போ அக்கா வாசல்ல நின்னுட்டு ஒண்ணும் சொல்லாம என்னை உள்ள கூட்டிட்டுப் போய், கட்டில்ல ஒரு பொண்ணு குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு இருக்கிறதைக் காட்டினாங்க. முந்தின நாள் ராத்திரி நல்ல உதிரப்போக்கு. ரெண்டாவது லாப்பா நனையறப்போவே ஆணியில இருந்து சாவியை எடுத்து, குளிர்ந்த மருந்தைப் போட்டு, மாத்திரை வச்சு, தனி ஆளா முக்கால் மணி நேரம் அழுத்திப் பிடிச்சிருக்காங்க. அப்புறம் ரத்தம் நின்னுடுச்சு. அந்தக் காவல்காரர்தான் விளக்கு பிடிச்சாராம். நான் அங்க இருந்திருந்தா நான்தான் செஞ்சிருப்பேன், அந்தக் கைக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. இன்னிக்கும் அவங்க அதே மையத்துலதான் இருக்காங்க. வாட்ஸப்ல குரல் பதிவு அனுப்புவாங்க, பின்னால குழந்தை அழற சத்தம் கேட்கும்.

நம்ம வேலூர்லயும் அப்படித்தானே நடந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை டாக்டரம்மா ஐடா ஸ்கடர் 1900-ல ஒரு கட்டில் வச்சு ஆரம்பிச்சது எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பொம்பளைங்க பிரசவத்துல செத்த கதையும் தெரியும். அவங்க அதோட நிக்கலை. 1909-ல நம்ம பொண்ணுங்களுக்கு நர்சிங் சொல்லித் தர ஆரம்பிச்சு, 1918-ல பொண்ணுங்களுக்குன்னே மருத்துவப் பள்ளி திறந்தாங்க. அந்த வரிசையிலதான் நானும் வந்தேன், நீயும் வந்தே.

அதனால என் பதில்: போ. ஆனா கேட்டுட்டுப் போ. ரெண்டு வருஷமும் ஒரே மையத்துல விடுவாங்களா, இல்ல மாசத்துக்கு ஒரு ஊரா மாத்துவாங்களான்னு கேளு. மாத்துவாங்கன்னா போகாதே, அது பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கறதுக்குத்தான் ஆகும். பயிற்சின்னா ஹோட்டல் ஹால்ல ரெண்டு நாள் உட்கார வச்சு சாப்பாடு போட்டு அனுப்பறதா, இல்ல கட்டில் பக்கத்துல நிக்கறதான்னு கேளு. உனக்கு முன்னால அங்க இருந்த நர்ஸ் நம்பர் கொடுக்கச் சொல்லு. கொடுக்கத் தயங்கினா யோசி.

ரத்தத்தைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். அங்க ரத்தம் வேணும்னா பெரும்பாலும் சொந்தக்காரங்க கொடுத்தாத்தான் உண்டு. நான் மூணு தடவை கொடுத்தேன். உனக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு? பன்னெண்டுக்குக் கீழ இருந்தா முதல்ல முருங்கைக்கீரை சாப்பிடு, மாத்திரை போடு. நம்ம நர்சுங்க எல்லாரும் ஊரார் ரத்தத்தைப் பார்ப்போம், நம்மளைப் பார்த்துக்க மாட்டோம்.

உங்க அம்மாகிட்ட நான் பேசறேன். என் மகளை எட்டாவது படிக்கிறப்போ விட்டுட்டுப் போனவ நான். அவங்க கேட்கிற கேள்வி எல்லாம் என் மாமியார் என்னைக் கேட்டதுதான்.

---

மலையடிவாரம்_விஎச்என் எழுதியது:

காட்பாடி பொண்ணு பேசினது எனக்குப் புரியுது. அந்த எய்டு அக்காவுக்கு நான் கும்பிட்டேன்னு சொல்லு.

குடியாத்தம் கண்ணு, போறதுன்னு முடிவு பண்ணா போ, நான் இனிமே தடுக்கல. போறதுக்கு முன்னால ஒரு நாள் எங்கூட மலைக்கு வா. எனக்கு முட்டி வலி, ஜீப்பு போற வரைக்கும்தான் வர முடியும், அதுக்கு மேல அந்த ஆயாவோட பேத்தி உன்னை இட்டுனு போவா. அன்னிக்கு டோலியில எறங்கினாளே, அவதான். இப்ப அவ பொண்ணுக்கு ஏழாம் மாசம். கீழ வந்து தங்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறாளாம். நீ போயி அவகிட்ட பேசு. பேசிப் பாரு, எவ்ளோ நேரம் ஆவுதுன்னு.

---

குடியாத்தம்_நர்ஸ் எழுதியது:

இந்த ஞாயிறு எனக்கு டூட்டி இல்ல அம்மா. காலையில ஏழு மணிக்கு ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். பி.பி. மெஷினும் ஹீமோகுளோபின் பார்க்கிற பெட்டியும் எடுத்துட்டு வரேன். அந்தப் பொண்ணு வீட்டுல எத்தனை ஆடு, எத்தனை கோழின்னு மட்டும் விசாரிச்சு வையுங்க. அவ கீழ வந்து தங்கி இருக்கிற வரைக்கும் அதையெல்லாம் யார் பார்த்துக்கறதுன்னு போறப்பவே பேசி முடிவு பண்ணிட்டுப் போவோம்.

அப்பாவும் கூட வரேன்னு சொல்றார்.